மேனேஜருக்கு உடம்பு சரியில்லை

அத்தியாயம் பதினொன்று

அந்த வீட்டுப் பூனைக்குப் பேச்சு வந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

மாமனாரும் மருமகளும் மூன்று மாதமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்தில் தன் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் ஸ்கூட்டரில் பால் வாங்கப் போய்த் திரும்பும்போது சொந்த வீட்டு கேட்டிலேயே மோதினார். தப்பு கேட்டின் மேல்தான் என்று வாதாடினார். மறுநாள் ஸ்கூட்டர் சாவியைக் காணவில்லை.

“சாவி என்கிட்டதான் இருக்கு மாமா. தர மாட்டேன்” என்றாள் மருமகள்.

அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதோடு சரி.

மருமகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. யார் எதை உற்றுப் பார்க்கிறார்கள், யார் எதைப் பார்க்காதது போல் சமாளிக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். “ஒரு தடவை கண்ணைக் காட்டிடுங்க மாமா” என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டிரைவரிடம் போய்க் கண் சரியில்லை என்று சொல்வதும், சமையல்காரரிடம் போய் நாக்கு செத்துவிட்டது என்று சொல்வதும் ஒன்றுதான். அவளுக்கு வாய் வரவில்லை. சாவியை மட்டும் ஒளித்தாள். நல்லது செய்யப் போய்ப் பொல்லாப்பைக் கட்டிக்கொண்டாள்.

மாமியார் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பார். கணவனோ லிஃப்ட் மெக்கானிக். வேறு ஊரில் புதுக் கட்டடம் ஒன்றுக்கு லிஃப்ட் மாட்டப் போனவன் இன்னும் திரும்பவில்லை. தினமும் போனில் அப்பாவிடம் “எல்லாம் சரிதானே?” என்பான். மனைவியிடமும் “எல்லாம் சரிதானே?” என்பான். இரண்டு பேரும் “சரி” என்பார்கள். அவனும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான்.

பேசாமல் வீடு நடக்குமா? நடக்காது. அதனால்தான் மேனேஜர் மூலமாகப் பேசிக்கொண்டார்கள்.

மேனேஜர் என்பது பூனையின் பேர். ஒரு வேலையும் செய்யாமல் ஹாலில் இருக்கும் நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வேலை செய்கிறவர்களை எல்லாம் குறை கண்ட பார்வை பார்ப்பதால் வந்த பேர். செம்பட்டை நிறம், பெருத்த உடம்பு.

“மேனேஜரே, டீ ஆறுதுன்னு சொல்லுங்க” என்பாள் மருமகள், பூனையைப் பார்த்து.

“மேனேஜரே, வர்றேன்னு சொல்லு” என்பார் மாமனார், அதே பூனையைப் பார்த்து.

கேஸ் தீர்ந்தது, பிளம்பர் வந்தது, மாடியில் துணி நனைந்தது எல்லாமே மேனேஜர் வழியாகத்தான் போகும். அவரும் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை காதைத் திருப்புவார். அந்த வீட்டில் பொறுப்பாக வேலை செய்த ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றும்.

போன வாரம், தான் ஒன்றுக்குப் போகும் மணல் தட்டில் போய் உட்கார்ந்த மேனேஜர் எழுந்திருக்கவே இல்லை என்ற இடத்தில் நிறுத்தியிருந்தேன்.

விடிந்தது. மருமகள் கடைக்குப் போகப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். மேனேஜர் மணல் தட்டில் முக்கிக்கொண்டிருந்தார். மணல் காய்ந்து கிடந்தது. கிட்டே போய்த் தொட்டதும் அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டார். அந்த மாதிரிச் சத்தத்தை அவள் கேட்டதே இல்லை.

ஹாலுக்கு ஓடினாள். மாமனார் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் நல்ல நாற்காலியின் பக்கம் திரும்பி, “மேனேஜரே…” என்று ஆரம்பித்தாள்.

நாற்காலி காலியாக இருந்தது.

பூனைக்கு உடம்பு சரியில்லை என்பதைப் பூனையிடம் எப்படிச் சொல்லி அனுப்புவது?

மாமனாரும் அதே நாற்காலியைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். “நேத்து மத்தியானத்துல இருந்தே அவனுக்கு ஒண்ணுக்குப் போகல” என்றார் நாற்காலியிடம்.

“நேத்தே பாத்தீங்களா?” அவள் நேராக அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

“நீ பாக்கலையா?”

“ராத்திரி பாத்தேன். காலைல சரியாயிடும்னு நெனச்சேன்.”

“நானும் அதைத்தான் நெனச்சேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?”

“யார்கிட்டம்மா சொல்றது? அவன்தான் படுத்துட்டானே.”

ஒரே பூனையை இரண்டு பேரும் ஒரு ராத்திரி முழுக்கப் பார்த்துப் பார்த்துத் தனித்தனியாகக் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஊரில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது.

துணி போடும் மூடி வைத்த கூடையில் மேனேஜரைத் தூக்கி வைத்தார்கள். எப்போதும் தூக்கினால் நாலு கீறலாவது போடுகிறவர், அன்று துணி மாதிரி வந்தார். அதுதான் மருமகளைப் பயமுறுத்தியது.

தெருக்கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக். உள்ளே குளிரக் குளிர ஏசி. ஸ்வெட்டர் போட்ட நாய்க்குட்டி ஒன்று எதிர் சோபாவில் உட்கார்ந்து இவர்களை மேலும் கீழும் பார்த்தது. இளம் டாக்டர் மேனேஜரின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது.

“பந்து மாதிரி இறுகி இருக்கு. ஆண் பூனைங்களுக்கு வர்றதுதான். மணல் மாதிரி சின்னச் சின்னக் கல்லு வந்து வழியை அடைச்சிருக்கும். மயக்கம் கொடுத்து, டியூப் போட்டு, அடைப்பை எடுக்கணும். ரெண்டு மூணு நாள் இங்கயே வெச்சிருக்கணும்.”

“எடுத்துட்டா சரியாயிடுமா டாக்டர்?”

“பெரும்பாலும் சரியாயிடும். ஆனா இன்னைக்கே எடுக்கணும். நாளைக்குன்னா கிட்னி தாங்காது.”

செலவு எவ்வளவு ஆகும் என்று முன்பக்கத்துப் பெண் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். மருமகளின் இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்தாலும் எட்டாத தொகை. அவள் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய்க் கணவனைக் கூப்பிட்டாள்.

“பூனைக்கா இவ்வளவு?” என்றான் அவன் எடுத்த எடுப்பில். அப்புறம் அவனுக்கே மனசு கேட்கவில்லை. “பாவம்டி அது. அப்பா என்ன சொல்றார்?”

“தெரியல.”

“அவர்கிட்ட சொல்லலையா?”

“இங்கதான் இருக்கார். பக்கத்துல.”

“பக்கத்துல இருந்தா கேக்க வேண்டியதுதானே?”

“எப்படிங்க கேக்கறது? மேனேஜர் கூடைக்குள்ள படுத்திருக்கார்.”

மறுமுனையில் அவன் ஒன்றும் புரியாமல் “என்னது?” என்றான். மூன்று மாதத்துக் கதையைக் கிளினிக்கில் நின்றுகொண்டு சொல்ல முடியாது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. நாய்க்குட்டியோடு வந்திருந்த பெண் பார்க்கக் கூடாதே என்று சுவரில் மாட்டியிருந்த நாய் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவள் திரும்பியபோது மாமனார் டாக்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அந்த மனிதரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கடையில் கத்தரிக்காய் வாங்கினால்கூட விலை கேட்க மாட்டார், கேட்டால் கௌரவம் போய்விடும் என்று. அவர் கதவைத் தட்டி, தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

“டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இதைவிடக் கொறச்சலா எங்கயாவது பண்ணுவாங்களா?”

டாக்டர் நிமிர்ந்தார். “இதுல தப்பு என்ன சார் இருக்கு? கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு அப்படியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடறாங்களே, அதுதான் தப்பு. பாலத்தைத் தாண்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கில்ல? அங்க ஆஸ்பத்திரி உண்டு. ஸ்டூடன்ட்ஸ்தான் பாப்பாங்க, மேல பேராசிரியர் இருப்பாங்க. செலவு ரொம்பக் கம்மி. நானும் அங்க படிச்சவன்தான். காலைல மட்டும்தான் புதுக் கேஸ் எடுப்பாங்க. உடனே கிளம்புங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

வலி தெரியாமல் இருக்க ஒரு ஊசியும் போட்டுவிட்டார். அதற்கு மட்டும்தான் பணம் வாங்கினார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அடுத்த சிக்கல் நின்றது. பாலத்தைத் தாண்டி எப்படிப் போவது?

“பஸ்…” என்று ஆரம்பித்தாள் மருமகள்.

“ஏத்த மாட்டான்” என்றார் மாமனார். “நானே ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏத்தினதில்லை.” தான் போட்ட கண்டிப்பு தன் தலையிலேயே வந்து விடியும் என்று அவர் அப்போது நினைத்தாரா என்ன?

வாடகைக் கார் ஒன்று நின்றது. கூடைக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டதும் டிரைவர், “சீட்டு புதுசுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இன்னொருவன் ‘வர்றேன்’ என்று போனில் சொன்னான். வரவில்லை.

இரண்டு பேரும் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து நின்றார்கள். ஸ்கூட்டர் உறை போர்த்திக்கொண்டு கேட்டுக்குள் நின்றது. அவர் அதைப் பார்த்தார். அவளும் அதைத்தான் பார்த்தாள். அவள் உள்ளே போனாள்.

சமையலறை அலமாரியில் மேனேஜரின் சாப்பாட்டு டப்பா இருந்தது. பழைய பிஸ்கெட் டப்பா. உள்ளே கையை விட்டு, உலர்ந்த தீனிக்கு அடியில் துழாவிச் சாவியை எடுத்தாள். மாமனார் சமையலறைக்கு வந்தாலும் பூனைத் தீனியில் கை வைக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு ஒளித்த இடம்.

கொடுக்கலாமா, வேண்டாமா? கொடுத்தால் இவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கொடுக்காவிட்டால் மேனேஜர் இன்று சாயங்காலத்தைப் பார்ப்பாரா என்று பயம். இப்படித் தள்ளினால் பள்ளம், அப்படித் தள்ளினால் கிணறு.

வெளியே வந்தாள். அவர் உறையை உருவி, சீட்டைத் துடைத்துத் தயாராக நின்றார். சாவியை நீட்டினாள்.

அதில் ஒட்டியிருந்த தீனித் தூளை அவர் வாயால் ஊதினார். சாவி எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் துவாரத்தில் வைத்தார். அது வழுக்கிப் பக்கத்தில் போனது. மறுபடி வைத்தார். அப்புறம் இடது கைக் கட்டைவிரலால் துவாரத்தைத் தடவிக் கண்டுபிடித்து, விரலையே வழிகாட்டியாக வைத்து நுழைத்தார்.

மருமகள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தெருவைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கைப்பிடியில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார்.

பிறகு இறங்கினார்.

“நீ ஓட்டு” என்றார்.

“மாமா?”

“லைசென்ஸ் வெச்சிருக்கேல்ல? கல்யாணத்துக்கு முன்னாடி கடைக்கு வண்டிலதானே போயிட்டிருந்தே? ஓட்டு. கூடையை நான் புடிச்சுக்கறேன்.”

அந்த ஸ்கூட்டரை அவர் பெற்ற பிள்ளையைக்கூடத் தொட விட்டதில்லை. மருமகள் ஏறினாள். பின்னால் அவர் ஏறி, கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

“போலாம், ரைட்!” என்றார்.

முப்பது வருஷம் அடுத்தவர் வாயிலிருந்து கேட்ட வார்த்தை. தன் வாயால் சொல்வது அன்றைக்குத்தான்.

அதற்காகச் சும்மா வந்தார் என்று நினைக்க வேண்டாம். வண்டியை அவள் ஓட்டினாள், மற்றதெல்லாம் அவர் ஓட்டினார்.

“ஹாரன் அடி… அவன் திரும்புவான் பாரு… ஓரம் கட்டு… பிரேக்கை ஏன் இப்படி அமுக்கறே, அது என்ன பாவம் பண்ணிச்சு?”

“மாமா, நான் ஓட்டறேன்ல?”

“ஓட்டு ஓட்டு. நான் மேனேஜர்கிட்ட பேசிட்டு வர்றேன்.”

பாலத்தின் மேல் ஏறும்போது கூடையிலிருந்து சத்தம் நின்றுபோனது. இவ்வளவு நேரம் கத்தியது பயமாக இருந்தது போய், கத்தாததுதான் இப்போது பயமாக இருந்தது.

“மாமா, மேனேஜர்…”

அவர் மூடியை நகர்த்தி உள்ளே கையை விட்டார். அந்தப் பாலம் அன்றைக்கு முடியவே மாட்டேன் என்றது.

“மூச்சு இருக்கு. வெரல நக்கறான். நீ ரோட்டைப் பாரு.”

அவர் குரல் உடைந்திருந்தது. அவள் ரோட்டைப் பார்த்தாள்.

கல்லூரி ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் கால் வைக்க இடமில்லை. காலில் கட்டுப் போட்ட ஆடு ஒன்று தூணில் சாய்ந்திருந்தது. கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிய நாய், கூண்டுக் கிளி, முயலை மடியில் வைத்திருந்த தாத்தா. எல்லோர் முகத்திலும் ஒரே கவலை. ஆனால் ஒருவரும் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை. அதைப் பார்த்ததுமே மருமகளுக்குப் பாதி பாரம் இறங்கியது.

எண் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் சிவப்பு எழுத்தில் எண் மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரம்.

“நம்ம நம்பர் வந்தா சொல்லும்மா” என்றார் மாமனார். “வெயில் கண்ணைக் கூசுது.”

போர்டு இருந்த பக்கம் வெயிலே இல்லை.

“சரி மாமா” என்றாள்.

எண் வருவதற்கு முன்பே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து, “டாக்டர் போன் பண்ணின பூனை, அடைப்புக் கேஸ், யாருங்க?” என்று கேட்டாள். கடைசி வருஷ மாணவி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

உள்ளே மேஜையைச் சுற்றி இன்னும் ஐந்தாறு மாணவர்கள். எல்லோரும் மேனேஜரை எட்டி எட்டிப் பார்த்தார்கள். மாமனாருக்கு முகம் சுருங்கியது. அவர் கூடையை விடவில்லை.

“இதுங்க கை பழகறதுக்கு எங்க மேனேஜர்தான் கெடச்சானா?” என்று மருமகளிடம் முணுமுணுத்தார். முணுமுணுப்பு டிரைவர் முணுமுணுப்பு. கடைசி சீட்டு வரைக்கும் கேட்டது.

பின்னால் நின்றிருந்த பேராசிரியை சிரித்தார். நரைத்த தலை, கையில் கையுறை. “நீங்க என்ன வேலை பாத்தீங்க சார்?”

“பஸ் டிரைவர்.”

“மொத மொதல்ல ஓட்டினப்போ பஸ்ஸுல யாரும் இல்லையா?”

“இருந்தாங்க. பக்கத்துல பெரிய டிரைவர் ஒருத்தர் நின்னார். ஏதாவதுன்னா புடிச்சுக்குவார்.”

“இங்க நான் நிக்கறேன். ஏதாவதுன்னா புடிச்சுக்குவேன். போதுமா?”

மாமனார் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கூடையை மேஜை மேல் வைத்தார்.

மாணவி கேள்வி கேட்க ஆரம்பித்தாள். “என்ன சாப்பாடு குடுக்கறீங்க?”

“கடையில விக்கற உலர்ந்த தீனி” என்றாள் மருமகள்.

“தண்ணி நல்லா குடிக்குமா?”

“அவ்வளவா குடிக்க மாட்டார்.”

“தீனி ஒரு நாளைக்கு எத்தனை வேளை?”

“ரெண்டு வேளை” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“யார் போடறது?”

“நான்தான்” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மாணவி பேனாவை நிறுத்தினாள். மருமகள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்களுமா போடறீங்க?”

“நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணம். ராத்திரி நீ படுத்ததும் ஒரு கிண்ணம். பசியில உக்காந்திருக்கற மாதிரி பாப்பானே!”

“நான் கடைக்குப் போறப்ப ஒண்ணு, வந்ததும் ஒண்ணு போடறேனே. டப்பா காலியே ஆகலையேன்னு அதிசயப்பட்டேன்.”

“காலியாச்சு. நான்தான் வாங்கிக் கொட்டினேன்.”

“ஆக நாலு வேளை” என்றாள் மாணவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “நல்லா கொழுத்திருக்கான், தண்ணியும் குடிக்கறதில்ல. அதான் இப்படி.”

எல்லாத் தகவலையும் ஒழுங்காகக் கொண்டு போய்ச் சேர்த்த மேனேஜர் இந்த ஒரு தகவலை மட்டும் மூன்று மாதமாக அமுக்கிவிட்டார். மேனேஜர்கள் அப்படித்தான்.

மயக்க ஊசி போட்டார்கள். இவர்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். ஆனால் கதவில் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. மருமகள் அதில் முகத்தைப் பதித்தாள்.

“என்ன பண்றாங்க?” என்றார் மாமனார்.

“டியூப் போடறாங்க மாமா. அந்தப் பொண்ணுதான் போடறா… போகல… தண்ணி பீய்ச்சறா…”

“அந்தம்மா?”

“பக்கத்துல நிக்கறாங்க. கை வைக்கல. ஏதோ சொல்றாங்க… மறுபடி போடறா… இல்ல, மறுபடியும் போகல.”

மாமனார் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூன்று மாதமாக அவர் மனசில் இருந்ததை எல்லாம் கேட்ட ஒரே ஜீவன் உள்ளே கிடக்கிறது. சாவியைப் பற்றி, கேட்டைப் பற்றி, இன்னும் யாரிடமும் சொல்லாத ஒன்றைப் பற்றி, விடியற்காலையில் தீனிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அதனிடம்தான் அவர் பேசியிருக்கிறார். அது இல்லாத ஹாலை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“மாமா!”

“என்னம்மா?”

“வந்துடுச்சு! மாமா, வந்துடுச்சு!”

உள்ளே மாணவர்கள் கைதட்டினார்கள். ஒரு பூனை ஒன்றுக்குப் போனதற்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? மருமகள் சிரித்தாள், அழுதாள், மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தூசி” என்றார். யாரும் கேட்கவில்லை.

மாணவி முகமெல்லாம் வேர்வையோடு வெளியே வந்தாள். “அடைப்பு எடுத்தாச்சு. ரெண்டு நாள் டியூப்போட இங்க இருக்கட்டும். நாளைக்குக் காலைல ரத்தம் எடுத்துப் பாப்போம். கிட்னி எவ்வளவு அடி வாங்கியிருக்குன்னு அதுலதான் தெரியும். நேத்தே வந்திருந்தா அந்தக் கவலையும் இருந்திருக்காது.”

அவள் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. இருந்தாலும் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“எப்படி இருக்கும்னு நெனக்கறே?” என்றார் மாமனார்.

“நல்லா இருக்கும்னுதான் நெனக்கறேன் தாத்தா. மயக்கம் தெளியும்போதே என்னைக் கடிக்கப் பாத்தான்.”

“அப்ப சரியாயிடுவான்” என்றார் மாமனார்.

கவுன்ட்டரில் தொகையைக் கேட்டதும், “இது டியூப்புக்கு மட்டுமா?” என்றாள் மருமகள். “எல்லாத்துக்கும்தாம்மா. மாத்திரை மட்டும் வெளிய வாங்கிக்கங்க” என்றார் உள்ளே இருந்தவர். அவள் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள். அவரும் சலிக்காமல் இன்னொரு தடவை சொன்னார்.

காலிக் கூடையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். திரும்பும் வழியில் மாமனார் ஒரே ஒரு தடவைதான் ஹாரன் அடிக்கச் சொன்னார்.

மருமகள் டீ போட்டாள். கப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில், “மேனேஜரே, டீ…” என்று நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலியில் கொஞ்சம் செம்பட்டை முடி மட்டும் ஒட்டியிருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

“டீ ஆறுது மாமா” என்றாள் கடைசியில், அவரைப் பார்த்து.

“குடிக்கறேம்மா.”

இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

ஸ்கூட்டர் சாவி இன்னும் அவள் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். ஆணியில் மாட்டலாமா, அவரிடமே கொடுத்துவிடலாமா?

மாமனார் ஒரு வாய் டீ குடித்தார். “அந்த டப்பாலயே போட்டு வை” என்றார்.

“எந்த டப்பா?”

“தீனி டப்பாதான். வேற எது?”

அவள் அப்படியே நின்றுவிட்டாள். தினமும் விடியற்காலையில் அந்த டப்பாவில் கையை விடுகிறவர், தீர்ந்தால் வாங்கிக் கொட்டுகிறவர்…

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீ வெச்ச மறுநாளே கைல தட்டுச்சு.”

“தெரிஞ்சும் ஏன் மாமா எடுக்கல? அவ்வளவு கோபமா இருந்தீங்களே!”

அவர் கப்பைக் கீழே வைத்தார். வாசல் பக்கம், வளைந்த கேட்டின் பக்கம் பார்த்தார். அது அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

“எடுத்தா ஓட்டணுமேம்மா” என்றார்.

அந்த மனிதர் கோபித்துக்கொண்டது அவள் சாவியை எடுத்ததற்கு அல்ல, அவள் எடுத்தது எவ்வளவு சரி என்பதற்கு. அவள் மெல்ல நகர்ந்து, யாரும் உட்காரத் துணியாத மேனேஜரின் நாற்காலியில் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“நாளைக்கு மேனேஜரைப் பாக்கப் போற வழியில என் கடைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க மாமா. கண்ணைப் பாத்துடலாம். கண் டாக்டர் காலைல வருவார். நான் கூடவே இருப்பேன்.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். கப்பைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். வெகு நேரம் கழுவினார்.

“மேனேஜரைக் கேட்டுத்தான் சொல்லணும்” என்றார் உள்ளேயிருந்து.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சாவியை டப்பாவில் போட எழுந்தாள். அதற்குள் அவர் சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“அந்தக் கடையில படிக்கச் சொல்ற போர்டு… அதுல எழுத்தெல்லாம் பெருசா இருக்கும்ல?”

“மேல் வரிசை பெருசா இருக்கும் மாமா. கீழ போகப் போகச் சின்னதாகும்.”

“கடைசி வரைக்கும் போகணுமா?”

“போற வரைக்கும் போதும்” என்றாள் மருமகள்.